டீச்சர் போட்ட பிரேக்

"டீச்சர், அசையாதீங்க. நீங்க அசைஞ்சா ஸ்கேன்ல படமும் ஆடுது," என்றார் டாக்டரம்மா.

"ஒரு குடம் தண்ணியக் குடிக்க வெச்சுட்டு அசையாதேன்னா எப்படி? முட்டுது டாக்டரம்மா. இப்பவோ அப்பவோன்னு இருக்கு."

"மூத்திரப் பை நிறைஞ்சிருந்தாதான் கர்ப்பப்பை தெளிவாத் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. டிரைவிங் ஸ்கூல் டீச்சர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைக் கண்டாலே வியர்க்கிறவர்களையும் சாலையில் ஓடவிட்டவள். இப்போது படிக்கிறவர்களில் படுமோசம் யார் என்று கேட்டால் யோசிக்கவே மாட்டாள். கால்மாட்டில் பச்சை அங்கியில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மாதான். முன்னால் போகச் சொன்னால் அழகாகப் போவார். ரிவர்ஸ் எடுத்து நிறுத்தச் சொன்னால், டீச்சர் நட்டு வைத்த கம்பத்துக்கு ஒரு முத்தமாவது கொடுக்காமல் விடமாட்டார்.

அந்தக் கையில்தான் இன்று டீச்சரின் கடைசிக் கரு.

முன்பு கர்ப்பப்பையில் வைத்தவை தங்கவில்லை. உறையவைத்ததில் மிச்சம் ஒன்றே ஒன்று. காலையில் உருக்கிப் பார்த்தபோது ஜம்மென்று உயிரோடு இருந்தது. தங்கினால் குழந்தை. இல்லையென்றால் இனி ஊசியும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்திருந்தார்கள்.

தலைமாட்டில் அந்தப் புருஷன். கேக் கடைக்காரர். கிரீமில் ரோஜாப்பூ பிழியும்போது துளி நடுங்காத கை, இப்போது அவள் தோளில் தந்தியடித்தது.

"ஏங்க, பயமா இருந்தா வெளிய போய் உக்காருங்க."

"எனக்கென்ன பயம்? நீதான் நடுங்குற. அந்த நடுக்கம் என் கைக்கு வருது."

பரிசோதனைக்கூடத்தின் சின்ன ஜன்னல் திறந்தது. முகமூடிக்கு மேல் இரண்டு கண்கள். கருவைப் பார்த்துக்கொள்ளும் லேப்காரர் சிரிஞ்சு மாட்டிய மெல்லிய குழாய் ஒன்றை நீட்டினார். நூடுல்ஸ் தடிமன்கூட இல்லை. அதன் நுனியில், கண்ணுக்கே தெரியாமல், ஒரு சொட்டுக்குள் கரு.

"பயணி ஏறியாச்சு," என்றார் டாக்டரம்மா.

ஸ்கேன் திரையில் வெள்ளைக் கோடாகக் குழாய் நுழைந்தது. மெல்ல, மெல்ல. டீச்சரின் கண் திரையை விட்டு நகரவில்லை. பக்கத்து சீட்டிலிருந்து சாலையைப் பார்த்துப் பழகிய கண் அது. கோடு முன்னேறியது. எதிரே கர்ப்பப்பையின் மேல் சுவர். இன்னும் கொஞ்சம். ஐயோ, சுவர் வந்துவிட்டது, இந்தம்மா நிறுத்தவே…

"பிரேக்!"

கத்தியது டீச்சர்தான். கத்தியதோடு விட்டாளா? கட்டிலின் கால்தாங்கியில் இருந்த வலது கால் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது.

மாதக்கணக்கில் அந்த ஒரு சொல்லுக்குப் பழகிய டாக்டரம்மா என்ன செய்வார்? சிரிஞ்சை அழுத்திக்கொண்டிருந்த கட்டைவிரல் தானாக விலகியது. கை குழாயை வெடுக்கென்று இழுத்துவிட்டது.



லேப்காரர் குழாயை வாங்கிப்போய் நுண்ணோக்கியில் குனிந்தார். நிமிரவில்லை. டீச்சருக்கு மூத்திரம் முட்டுவதே மறந்துபோயிற்று.

"டாக்டர்… கரு உள்ள போகல. குழாய்லயே திரும்பி வந்துடுச்சு."

"என்னாலதான்," என்றாள் டீச்சர். "என் பாழாப்போன வாயி!"

"விரலை எடுத்தது நான். எடுத்ததும் குழாய் கருவைப் பின்னாடி இழுத்துக்கிச்சு," என்றார் டாக்டரம்மா. "எப்பவாவது நடக்கிறதுதான். கரு எப்படி இருக்கு?"

"முழுசா இருக்கு. ஒரு கீறல் இல்ல."

"அப்ப புதுக் குழாய்ல ஏத்துங்க." பிறகு எழுந்து டீச்சரின் முகத்தருகே வந்தார். "டீச்சர், சுவருக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். நிறுத்தித்தான் அழுத்தினேன். உங்க கார்ல நீங்க சொன்னபடி கேக்குறேன்ல? இது என் வண்டி."

டீச்சர் தலையாட்டினாள். புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, என் வாயைப் பொத்துங்க."

"இத்தனை வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தேன்."

"சிரிக்க வெக்காதீங்க, இங்கயே போயிடுவேன்!"

பொத்தினார். வெண்ணிலா வாசனை அடித்த உள்ளங்கை. வெள்ளைக் கோடு மறுபடி நுழைந்தது. சுவர் நெருங்கியது. டீச்சர் கண்ணை இறுக மூடி, வலது காலின் மேல் இடது காலைப் போட முடியாத குறைக்கு, கால் பெருவிரலை மடக்கிக்கொண்டாள்.

"பாருங்க டீச்சர்."

திரையில் ஒரு வெள்ளைப் பொட்டு மினுங்கியது. குழாய் நத்தை மாதிரி வெளியே வந்தது. லேப்காரர் இந்த முறை சட்டென்று நிமிர்ந்தார்.

"குழாய் காலி!"

புருஷன் கையை எடுத்தார். உள்ளங்கையில் பல் தடம்.

"இப்ப பாத்ரூம் போலாமா? போனா அதுவும் கூடவே விழுந்துடாதே?"

"அது வேற அறை, இது வேற அறை. ஓடுங்க!" என்றார் டாக்டரம்மா.

இரண்டு வாரம் கழித்து, கரு தங்கியதா என்று பார்க்க ரத்தம் கொடுத்த அன்று மாலை டாக்டரம்மாவுக்கு வகுப்பு. கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸ். பாதி வழியில் அவர் போன் அலறியது. எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், லேப்ல இருந்து. உங்க ரிசல்ட்."

 டீச்சர் கையை நீட்டிப் போனைக் கவிழ்த்தாள்.

"வண்டி ஓடும்போது போன் எடுக்கக் கூடாது. முதல்ல பார்க் பண்ணுங்க."

"ஆனா…"

"பண்ணுங்க டாக்டரம்மா."

கார் பின்னால் ஊர்ந்தது. டீச்சர் கால்களைச் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டாள். வாயைத் தானே பொத்திக்கொண்டாள். எந்தக் கம்பமும் ஆடவில்லை. வண்டி கோட்டுக்குள் கச்சிதமாக நின்றது.

டாக்டரம்மா போனை எடுத்து லேபைத் திரும்ப அழைத்தார். "ம்… ம்… சரி." வைத்தார். "சொல்லட்டுமா?"

"ஹேண்ட் பிரேக் போட்டீங்களா?"

"போட்டாச்சு."

"அப்ப சொல்லுங்க."

"பயணி இறங்கல டீச்சர். உங்க வண்டியிலயே உக்காந்தாச்சு."