பெட்டி வந்தது, அம்மா வரவில்லை

விமானத்தில் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனிதர் கண்ணை மூடும்வரை பொறுத்திருந்தேன். பிறகு எங்கள் நடுவே காலியாகக் கிடந்த இருக்கையைப் பார்த்து மெல்லச் சொன்னேன். "அம்மா, பிளேன் கிளம்புது. கிரெனடாவுக்குப் போறோம். கூடவே வா."

பைத்தியம் என்று நினைப்பவர்கள் நினைத்துவிட்டுப் போகட்டும். இதைச் சொல்லாமல் விட்டதால்தான் ஆறு வருஷமாக இவ்வளவு பாடு. கிரெனடாவை ஒட்டிய எங்கள் கரியாக்கூ தீவில் பிறந்தவன் வெளியூரில் செத்தால், உடம்பைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது. ஆளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு ஏற்றத்திலும் "ஏறு" என்றும், ஒவ்வொரு இறக்கத்திலும் "இறங்கு" என்றும் பெற்றவளோ பிள்ளையோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விட்ட இடத்திலேயே நிற்பார்கள், பாவம். செத்தவர்களுக்கு வழி தெரியாது.

அம்மா என்னைப் பார்க்கத்தான் புரூக்ளின் வந்தாள். "ஒரு மாசம் இருந்துட்டு ஓடிடுவேன், இந்தக் குளிரு எவனுக்கு வேணும்" என்று வந்த நாளிலிருந்தே புலம்பிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அப்படியே சரிந்து விழுந்தாள். என் காகிதங்கள் அப்போது சரியாக இல்லை. நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள். அதனால் சவப்பெட்டி தனியாகத்தான் போனது, சரக்கோடு சரக்காக. சரக்கு அறையில் அவளுக்கு யார் சொல்வார்கள்? அடக்கம் முடிந்து சில நாள் கழித்து தங்கை வெர்னிஸ் போன் செய்தாள். அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"அக்கா, பெட்டி வந்துச்சு. அம்மா வரல."

"என்னடி ஒளர்ற?"

"கனவுல ஒரு தடவகூட வரலக்கா. கன்யூட் மாமா வீட்டுக் கெழவி செத்த மறுநாளே வந்து களியில உப்பப் போட்டுட்டீங்கன்னு திட்டிட்டுப் போறா. ஊர்ல எல்லாரும் வர்றாங்க. நம்ம அம்மாவுக்கு மட்டும் வழி தெரியல."

அம்மா எங்கே இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டில்தான் இருந்தாள். பாத்திரம் துலக்கும்போது குழாயைத் திறந்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினால், அது தானாக நின்றுவிடும். மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வருஷம் முழுக்கக் குடித்த ஊர்க்காரி. தண்ணீர் வீணாகப் போனால் அவளுக்கு வயிறு எரியும். முதல் தடவை நான் கிடுகிடுவென்று நடுங்கிப்போனேன். பத்தாவது தடவை, "சரி சரி, மூடிக்கோ" என்றேன். பகல் முழுக்க யார் யாருடைய அம்மாக்களையோ குளிப்பாட்டிச் சோறூட்டிவிட்டு, நாலு மாடி ஏறி வந்து கதவைத் திறந்தால், உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்ற தெம்பு. அதை வெர்னிஸிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

இப்போது காகிதம் கிடைத்துவிட்டது. கல்லும் தயார். எங்கள் ஊரில் கல்லறைக்குக் கல் நடுவது அடக்கத்தைவிடப் பெரிய காரியம். விருந்து, மேளம், ஆட்டம் எல்லாம் அதற்குத்தான். "கல்லு நட்டா கதவச் சாத்தின மாதிரி அக்கா" என்றாள் வெர்னிஸ். "அம்மா உள்ள இருக்கறப்ப சாத்தணும். வெளிய நிக்கறப்ப சாத்திட்டா, அதுக்கப்புறம் அது எங்க போகும், சொல்லு? சனிக்கிழமை நடறோம். நீ அம்மாவக் கூட்டிட்டு வா."

அதனால்தான் காலி இருக்கையோடு பேசிக்கொண்டு வந்தேன். பணிப்பெண் என் முன்னால் இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். நான் ஒன்றைக் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தபோது மற்றதில் பாதிதான் இருந்தது. ஜன்னலோர மனிதர் குடித்திருக்கலாம். குடித்திருக்கட்டும்.

கிரெனடாவில் இறங்கும்போது சொன்னேன். டாக்ஸியில் ஏறும்போது சொன்னேன். டாக்ஸிக்காரன் என்னைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே பின் கதவை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து பிடித்திருந்தான். துறைமுகத்தில் ஃபெர்ரியில் ஏறும்போதும் சொன்னேன். வெங்காய மூட்டை, கோழிக்கூண்டு, மெத்தை, கூரைத் தகடு என்று கப்பலே திணறியது. போன வருஷப் புயலுக்குப் பிறகு இன்னும் எங்கள் ஊருக்குத் தகடு போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்கள். என் பக்கத்து இடத்தில் மட்டும் ஒருவரும் உட்காரவில்லை. என் கைப்பைகூட அங்கே இல்லை, மடியில்தான் இருந்தது.

பாதி வழியில், கடலுக்கு அடியில் எரிமலை இருக்கும் அந்த இடம் வந்ததும் கப்பல் தூக்கித் தூக்கிப் போட்டது. அரட்டை நின்றுபோனது. குழந்தைகளும் வாயை மூடிக்கொண்டன. அங்கே தண்ணீரின் நிறமே வேறு. நான் அதைப் பார்க்கமாட்டேன், எங்கள் ஊர்க்காரர்கள் யாருமே பார்க்கமாட்டார்கள். கப்பல் ஆள் கெல்லன், வாந்திப் பைகளை நீட்டிக்கொண்டே கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்தான். எனக்கு ஒன்று கொடுத்தான். இன்னொன்றை எடுத்து என் பக்கத்தில் நீட்டினான்.

"அத்தை, அந்தம்மாவுக்கும் ஒண்ணு குடுத்துரட்டா? மூஞ்சியே சரியில்ல."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான், காலி இடத்தைப் பார்த்தான், நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டான். அலறுவான் என்று நினைத்தேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"ஓ, கூட்டிட்டு வர்றீங்களா?" என்றான். "கல்லு எப்போ?"

"சனிக்கிழமை."

"அப்ப படகுத்துறையில எறங்கறப்ப சொல்ல மறந்துடாதீங்க. அவசரத்துல அங்கதான் எல்லாரும் கோட்ட விடுவாங்க. எங்க பெரியம்மாவ நாங்க ரெண்டு வருஷம் போர்ட் ஆஃப் ஸ்பெயின் ஊர்லயே விட்டு வச்சிட்டோம். கடைசியில மச்சான் போய்க் கூட்டியாந்தான். என்னா திட்டு தெரியுமா!"

சிரித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்ன பிறகுதான் அது மண்டையில் உறைத்தது. இன்னும் ஒரே ஒரு இறக்கம்தான் பாக்கி. அங்கே நான் "இறங்கு" என்று சொன்னால் அம்மா இறங்கிவிடுவாள். அவள் வீட்டுக்கு, அவள் மண்ணுக்கு, அவள் சின்ன மகளிடம் போய்விடுவாள். திரும்பும்போது நான் மட்டும் போக வேண்டும். நாலு மாடி ஏறி, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, குழாயைத் திறந்தால் அது திறந்தபடியே ஓடிக்கொண்டிருக்கும்.



எங்கள் தீவின் ஹில்ஸ்பரோ படகுத்துறையில் கப்பல் வந்து நின்றது. எல்லாரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முண்டியடித்தார்கள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன். கெல்லன் கயிற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. விறுவிறுவென்று பலகையில் நடந்து இறங்கிவிட்டேன், திரும்பிப் பார்க்கவும் இல்லை.

வெர்னிஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். கட்டிக்கொண்டபடியே என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"கூட்டிட்டு வந்தியா?"

"வந்தேன்."

"சொன்னியா?"

"சொன்னேன்டி, நச்சரிக்காத. பசிக்குது."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் சாமான்களை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

வீட்டில் பாதிக் கூரைதான் இருந்தது. மீதிக்கு நீலத் தார்ப்பாய். அம்மாவின் கட்டிலில் கல்லைப் படுக்க வைத்து வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தார்கள். தலைமாட்டில் தலையணைகூட வைத்திருந்தாள் வெர்னிஸ். துப்பட்டியை விலக்கி அம்மாவின் பெயரைத் தடவிப் பார்த்தேன். எஸ்டிமி குவாஷி. கல் சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். அது கல்தான், வேறொன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை முழுக்க வீடு நிறைய ஆட்கள். ஆடு வெட்டினார்கள். பெரிய அண்டாவில் மக்காச்சோளக் களி கிண்டினார்கள். கன்யூட் மாமா வாசலில் ரம்மும் தண்ணீரும் மாறி மாறி ஊற்றி எங்கள் வம்சத்தில் செத்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார். பொழுது சாயும்போது செத்துப்போன பெரியவர்களுக்கான தட்டைப் பரிமாறினோம். வெள்ளை விரிப்பு, களி, கறி, உப்புக் கருவாடு, ஒரு டம்ளர் தண்ணீர். செத்தவர்களுக்கு உப்பில்லாமல், உயிரோடிருப்பவர்களுக்கு உப்போடு என்று தனித்தனியாகச் சமைத்ததில், கருவாடு எதில் சேர்த்தி என்று இரண்டு கிழவிகள் சண்டை போட்டார்கள். அறையைச் சாத்தினோம். வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எல்லாரும் வருவார்கள். அம்மாவைத் தவிர எல்லாரும் என்று எனக்கு மட்டும் தெரியும்.

விடியும் நேரம் வெர்னிஸ் என்னை உலுக்கினாள். மழை பெய்து ஓய்ந்து தார்ப்பாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அக்கா, அம்மா வந்துச்சு!"

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"கனவுலக்கா. ஆறு வருஷத்துல மொத தடவ. கூட்டத்தோட எறங்கி, அதுக்கு மேல வழி தெரியாம படகுத்துறை பெஞ்சுல உக்காந்திருக்கு. கால்ல செருப்பில்ல. மடியில கைய வச்சுக்கிட்டு, சர்ச்சுல உக்காருமே, அந்த மாதிரி. 'யாருக்கம்மா காத்திருக்க'ன்னு கேட்டேன்." அவள் குரல் இறங்கியது. "'லெரினா சாமான் எடுக்கப் போயிருக்கா, இப்ப வந்துருவா'ங்குது."

என் பெயரைக் கேட்டதும் கையால் முகத்தை மூடிக்கொண்டேன். ஓடிப்போன மகளைப் பற்றி ஒரு குறைகூட இல்லை. சாமான் எடுக்கப் போயிருக்கிறாளாம். வந்துவிடுவாளாம். ஐயோ, என்னைப் பெத்தவளே.

"நீ சொல்லல, இல்ல?" என்றாள் வெர்னிஸ்.

"அங்க எனக்கு யாருடி இருக்கா?"

"எனக்கு மட்டும் இங்க ஊரே இருந்துச்சாக்கும்! புயலப்ப கட்டிலுக்கு அடியில ஒத்தையாக் கெடந்தேன், கூர பிய்ச்சிக்கிட்டுப் போறத பாத்துக்கிட்டு. 'அம்மா அம்மா'ன்னு கத்தினேன். யாரு வந்தா? உங்கிட்டல்ல இருந்திருக்கு!" அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் என் செருப்பை எடுத்து என் காலடியில் போட்டாள். "எந்திரி. கல்லு கெளம்பறதுக்குள்ள போயிட்டு வந்துரலாம்."

வாசலில் ஆண்கள் கல்லைத் தூக்கத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். கன்யூட் மாமா எங்களைப் பார்த்தார். "சீக்கிரம்" என்று மட்டும் சொன்னார்.

படகுத்துறையில் ஈ காக்கை இல்லை. கடல் தட்டையாகச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மழையில் பலகைகளெல்லாம் கறுத்து ஊறியிருந்தன. பெஞ்சும் முழுக்க நனைந்திருந்தது, நடுவில் ஓரிடம் தவிர. ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு மரம் உலர்ந்து வெளுத்திருந்தது. கீழே பலகையிலும் இரண்டு பாதங்கள் வைக்கும் அளவுக்கு ஈரமில்லை. மேலே கூரையோ மரமோ ஒன்றும் கிடையாது. வெர்னிஸ் என் கையை இறுகப் பிடித்தாள். எனக்குப் பயம் இல்லை. வெட்கம்தான் இருந்தது.

"அம்மா," என்றேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னேன். "சாமான் எடுத்தாச்சும்மா. நேரமாயிடுச்சு, மன்னிச்சுக்கோ. வீடு வந்துட்டோம். எந்திரி."

காற்று இல்லை, சத்தம் இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த உலர்ந்த இடத்தின் ஓரங்களிலிருந்து ஈரம் ஊறிப் பரவி, மெல்ல மெல்ல மூடிக்கொண்டது.

வெர்னிஸ் சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தாள். விழப்போகிறாள் என்று பிடிக்கப் போனேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். முழங்கையை மடக்கி, யாருக்கோ பிடிமானம் கொடுப்பதுபோல நீட்டியிருந்தாள். அந்தத் தோள் இறங்கியிருந்தது. அப்படியே நடக்க ஆரம்பித்தாள், அடிமேல் அடி வைத்து, கிழவியின் நடைக்கு நடையாக.

மேட்டுச் சாலையில் அவள் பேசிக்கொண்டே போனாள். "ஆமாம்மா, அதுவும் புயல்ல போயிடுச்சு. பேக்கரி அங்க இல்ல, இப்ப அந்தாண்ட தகரக் கொட்டாயில போட்டிருக்காங்க. பாத்து, இங்க பள்ளம். சர்ச்சு மணியா? கீழ விழுந்துச்சு, ஆனா உடையல." நடுநடுவே நிறுத்திக் கேட்டுக்கொண்டாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆறு வருஷம் கூடவே இருந்தேன், என்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. குழாயை மூடுவாள், அவ்வளவுதான். வெர்னிஸ் திடீரென்று நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது சிரித்த சிரிப்பு.

"என்னடி சொல்லுச்சு?" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது எனக்குச் சொன்னதுக்கா."

வீட்டு வாசலில் மேளம் தொடங்கியிருந்தது. கல் தோள்களில் ஏறியிருந்தது. எங்களைக் கண்டதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது, ஒருத்தி நடந்து வருவதற்கு வேண்டியதைவிட அகலமாக. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். வெர்னிஸ் கையை நீட்டியபடியே, வாசற்படியில் நின்று பொறுத்து, உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் கூட்டம் மறுபடி மூடிக்கொண்டது. யாரும் என்னைத் தடுக்கவில்லை, யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. என்னையும் உள்ளே வா என்று யாராவது வாய்விட்டுச் சொல்வார்கள் என்று நான் சாலையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.