நாற்பத்தொரு பெயர்கள்

நிதி வாரியத்திலிருந்து வந்த பெண் அதிகாரி சரிவில் நின்றுகொண்டு, "புதைகுழிகள் எங்கே?" என்று மலாயில் கேட்டார். திலகா அவருடைய காலடியைக் காட்டினாள். அவர் பதறிப்போய் இரண்டடி தள்ளி நின்றார். அங்கேயும் ஒன்று இருந்தது.

அந்த மேட்டில் எழுத்து வெட்டிய கல் ஒன்றுகூடக் கிடையாது. தலைமாட்டுக்கு ஓர் ஆற்றுக்கல், அவ்வளவுதான். மூன்று தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள் அந்தப் புல்லுக்கடியில்தான் கிடந்தார்கள். உள்ளூர் மரபைக் காக்கிற ஜனங்களுக்கு வாரியத்தில் பணம் கொடுக்கிறார்கள் என்று போனில் பார்த்துவிட்டு வந்து சொன்னவள் ரெனீ. இதே தோட்டத்தில் பிறந்து பக்கத்து ஊர் ரிங்லெட்டில் டீச்சராக இருப்பவள். வேலி போடலாம், பேர் எழுதிப் பலகை வைக்கலாம் என்றாள். படிவத்தில் பெயர்ப்பட்டியல் கேட்டிருந்தார்கள். திலகா வேலை முடிந்து லயம் லயமாக வீட்டு வரிசைகளில் ஏறி இறங்கி, இரண்டு மாதத்தில் நாற்பது பேரைச் சேர்த்தாள். ரெனீ அவற்றைப் படிவத்தில் எழுதியபோது கடைசியாக இன்னொன்றையும் திலகா தயங்கிச் சொன்னாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்தே பிறந்த மகள். துணியில் சுற்றிக் கொண்டுபோய் வைத்தபோது அதற்குப் பேர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"பேரு என்னக்கா போடணும்?" என்று ரெனீ மெதுவாகக் கேட்டாள்.

"யுவனேஸ்வரின்னு போடுங்க டீச்சர்."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பேரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மேட்டைப் பார்த்து முடித்ததும், நிலம் தோட்டத்துடையது, மேனேஜர் கடிதம் வேண்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார். திலகா மூன்று தடவை ஆபீசுக்கு நடந்தாள். மூன்றாவது தடவை கணக்குப் பார்க்கும் கிராணி சிவசாமி இன்னொரு தாளையும் சேர்த்து நீட்டினார்.

"மேனேஜர் துரை கொஞ்சம் மாத்திருக்காரும்மா. தேயிலைத் திருவிழான்னு ஒண்ணு சேத்திருக்கு. மனு தோட்டத்துப் பேர்ல போவும். இதுல கையெழுத்துப் போட்டாத்தான் கடிதம்."

"வேலி இருக்குமா சார்?"

"எல்லாம் இருக்கும் லா. போடு."

திலகா கையெழுத்துப் போட்டாள். நிதி கிடைத்தது. விழாவுக்கு மட்டும். வேலியும் பலகையும் 'அடுத்த கட்டம்' என்று ஒரு வரியில் ஒதுங்கிவிட்டன. விழாவுக்கு வரும் பஸ்களை நிறுத்தச் சமதரை இல்லையென்று, மறுவாரமே மேட்டை வெட்டிச் சமப்படுத்த மண்வாரி ஏறியது. சத்தம் கேட்டுத் திலகா கொழுந்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தபோது பாதி மேடு இல்லை. மெஷின் ஓட்டியவனுக்கு அவள் பேசிய தமிழும் புரியவில்லை, மலாயும் புரியவில்லை.

"எலும்பு ஒண்ணும் வரல. பாத்தாச்சு" என்றார் சிவசாமி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

ரெனீ வாரியத்துக்கு எழுதினாள். நில உரிமையாளர் கொடுத்த வரைபடத்தின்படியே வேலை நடக்கிறது, தங்கள் அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது. அதைப் படித்துக் காட்டிவிட்டு, "நான் சொல்லாம இருந்திருந்தா இந்த மேட்ட யாரும் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டாங்கக்கா" என்று அழுதாள்.

விழா அன்று பெண்களுக்குச் சேலையும் முதுகுக்கூடையும் கொடுத்து வரிசையாக நிறுத்தினார்கள். வரமாட்டேன் என்றால் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லும் பேச்சு வரும். திலகா கட்டிக்கொண்டு நின்றாள். விழா பார்க்க வந்தவர்களில் நாலைந்து பேர் அவள் தோளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பத்து மணிவாக்கில் தாப்பாவிலிருந்து மூன்றாவது பஸ் ஏறி வந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"அக்கா, பின்னால கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க லா!"

மேடு இருந்த இடத்தில் அவள் பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றாள். புதிதாக வெட்டிய செம்மண் காலில் போட்டிருந்த சப்பாத்தில் ஒட்டியது. பஸ் பீப் பீப் என்று கத்திக்கொண்டு மெல்ல வந்தது. வரச்சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தவள், துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்த இடம் நெருங்கியதும் இரண்டு கையையும் உயர்த்தினாள். பஸ் நின்றது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். "இன்னும் எவ்வளவோ எடம் இருக்கே, அக்கா!"

திலகா கையை இறக்கவில்லை. பின்னால் நாலாவது பஸ் ஹாரன் அடித்தது.