விட்டுப்போன நாலாவது அடி

1

இந்தக் கதை எனக்குக் குளியலறைக் குழாய் வழியாகக் கிடைத்தது. கீழ்வீட்டில் பேசுவதெல்லாம் அதில் ஏறி வரும். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். பல் துலக்கினேன், கேட்டது. (அரை மணி நேரமா பல் துலக்குவாள் என்று கேட்பவர்கள் வேறு கதைக்குப் போகலாம்.)

முதல் தொடக்கம்: ‘இசைக்கு எல்லையில்லை என்று நம்பிய மூன்று இளைஞர்கள்——’

வேண்டாம். எல்லை இருந்தது. என் வீட்டுத் தரை.

இரண்டாவது தொடக்கம்: இசைக் கல்லூரியில் நான்கு வருடம் ஜாஸ் படித்த மூன்று பேர், ஓட்டல்களில் வாசித்துச் சலித்தார்கள். சாப்பிடுகிறவர்கள் தட்டைவிட்டுத் தலை நிமிரவே இல்லையாம். “இனிமே எவனும் நிம்மதியா மெல்லக்கூடாது” என்றான் சாக்ஸபோன்காரன். ஜாஸோடு ஃபங்க்கையும் ராக்கையும் போட்டுக் குழப்புவதென்று முடிவாயிற்று. கொள்கை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

2

ஜாஸ் படித்தவர்களிடம் ஒரு பழக்கம். ஒருவர் தப்பாக வாசித்தால் மற்றவர்கள் நிறுத்துவதில்லை. அதே தப்பைத் தாங்களும் செய்து, சரியாக்கிவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்கு இது தெரிந்திருந்தால் எங்கள் குடும்பம் எப்போதோ உருப்பட்டிருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, கீழ்வீட்டு ஒத்திகையில், டிரம்ஸ்காரனின் வலது கை தாளத்தின் நாலாவது அடியை விட்டது. பேஸ் கிட்டார்காரி சட்டென்று அதே அடியைத் தானும் விட்டாள். சாக்ஸபோன்காரன் அந்த ஓட்டைக்குள் வெறும் மூச்சை ஊதினான்.

“மூதேவி, நாலு வருஷமா இத எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த?” என்றாள் அவள்.

“தானா வந்துச்சு.”

“அடக்கத்தப் பாரு! திரும்ப விடுடா.”

விட்டான். குழு பிறந்தது. இன்று கூட்டம் வருவது அந்த விட்டுப்போன அடிக்காகத்தான்.

3

[டிரம்ஸ்காரனை எழுதுவதில் எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் அவன் திமிர் பிடித்தவன்: சட்டைப் பொத்தான் போடமாட்டான், கை குலுக்கமாட்டான், படியில் எதிர்ப்பட்டால் வலது கையைப் பைக்குள்——]

அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. போன வாரம் என் கழுத்து வலிக்காக நரம்பு மருத்துவரிடம் போனபோது, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் அவன்.

“அக்கா, நீங்க எழுதுறவங்கன்னு தெரியும். இத எழுதிறாதீங்க.”*

“எத்தன நாளா?”

“அந்தச் செவ்வாக்கிழமைலேருந்து. விரல் மடங்குனா திறக்க மாட்டேங்குது. அதுங்க ரெண்டும் நான் என்னமோ கண்டுபுடிச்சேன்னு ஆடுதுங்க.”

“டாக்டர் என்ன சொல்றார்?”

“இன்னியோட நிறுத்துன்னார். இனியும் அடிச்சா கை பழையபடி ஆகாதாம்.”

“அவங்ககிட்ட சொல்லிடேன்ப்பா.”

“சொன்னா பழத்த வாங்கிட்டுப் பாக்க வருவாங்க. அடுத்த ஞாயித்துக்கெழம ரெக்கார்டிங்க்கா. ஒரு ஆல்பத்துலயாவது இந்தக் கை இருக்கணும்.”

* உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. அந்த ஊர்வாயில் நானும் ஒரு பல்.

4

முடிவு ஒன்று: ஆல்பம் வருகிறது. கை போகிறது. ‘துணிச்சலான மௌனம்’ என்று யாரோ விமர்சனம் எழுதுகிறார்கள்.

முடிவு இரண்டு: நான் சொல்லிவிடுகிறேன். ஓர் அடிகூட விடாத புது ஆள் வருகிறான். அவனோடு மற்ற இருவரும் மறுபடி ஓட்டலுக்கே போகிறார்கள். நம் டிரம்ஸ்காரன் கை ஒருவேளை, ஒருவேளைதான்——

முடிவு மூன்றை யோசித்துக்கொண்டு குழாயருகே உட்கார்ந்திருந்தேன். அன்று இரண்டு அடிகள் விட்டுப்போயின. கீழே கைதட்டினார்கள்.

5

இன்று சனிக்கிழமை. இதுவரை எழுதி முடித்தபோது அழைப்புமணி அடித்தது. பேஸ் கிட்டார்காரி.

“அக்கா, இன்னிக்கு மூணு அடி விட்டான். நாங்களும் கூடவே விட்டோம். அப்புறந்தான் அவன் மூஞ்சியப் பாத்தேன்.” குரலைத் தாழ்த்தினாள். “அவன் கைக்கு ஏதாச்சுமா? இந்தக் கட்டடத்துல உங்களுக்குத் தெரியாதது உண்டா?”

அவளுக்குப் பின்னால், படி திரும்பும் இடத்தில், அவன் நின்றிருந்தான். தலையை மெல்ல, மெல்ல இடவலமாக ஆட்டினான்.

கையில் இவ்வளவு பெரிய சேதி இருந்தும் என் வாய் திறக்காதது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை.

நாளை காலை எட்டு மணிக்கு ரெக்கார்டிங். என் பதிலை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம், அவள் திரும்பிப் பார்த்துவிடப் போகிறாள்.

“————————”