மூலையில் எட்டு விரல்

பொம்மனஹள்ளியில் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர்களுக்கு ஊரில் யார் பெரிய மனிதர் என்பது பேப்பர் படிக்காமலே தெரிந்துவிடும். யார் தலையைப் பெரிதாகப் போடச் சொல்கிறார்களோ அவர்தான் பெரிய மனிதர். கீழே சின்னச் சின்ன வட்டத்துக்குள் வருகிற தலைகள் எல்லாம் அவருக்குப் பின்னால் அலைகிறவர்கள். தமயந்தி இந்தத் தொழிலுக்கு வந்து பல வருஷம் ஆகிறது. பிறந்தநாள் தலை, கண்ணீர் அஞ்சலித் தலை, மாநில விழாவான ராஜ்யோத்சவத் தலை என்று எத்தனையோ தலைகளை வெட்டி ஒட்டியிருக்கிறாள். எந்தத் தலையைப் பார்த்தும் அவள் கை நின்றதில்லை. கேரல் என்ற பெண்மணி அனுப்பிய பழைய படத்தைத் திரையில் திறந்தபோதுதான் நின்றது.

கறுப்பு வெள்ளைப் படம். பள்ளிக்கூட வாசலில் மூன்று வரிசைப் பிள்ளைகள். நடுவில் நாற்காலி போட்டு, காலை அகட்டி, முழங்கால் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார் பாலசுப்ரமணியன் சார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"மேடம், இது எங்க செவன்த் ஸ்டாண்டர்ட் குரூப் போட்டோ. எங்க சாருக்கு எழுபது வயசு ஆச்சு, ஓல்டு ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து பாராட்டு விழா வெச்சு சன்மானம் பண்றோம். ஸ்கூல் கிரவுண்டுல பேக்டிராப் வைக்கணும், துணியில வேணும், பிளாஸ்டிக் வேணாம். ஆங், ரைட் சைடு மேல மூலையில யாரோட விரலோ தெரியுது. அசிங்கமா இருக்கு. அத மட்டும் எடுத்துடுங்க, ப்ளீஸ்."

யாரோட விரலோ! தமயந்தி அந்த மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு மூலையைப் பெரிதாக்கினாள். பிள்ளைகளுக்குப் பின்னால் கட்டிய வெள்ளைத் திரையின் விளிம்பில் எட்டு விரல்கள் வரிசையாகப் பிடித்துக்கொண்டிருந்தன. உள்பக்கம் இருக்கிற நாலு விரல் கூடப் படித்த முத்தம்மாவுடையது. ஓரத்தில் நகம் கடித்துக் குட்டையாகிப் போன நாலு விரல் தமயந்தியுடையது.

அவள் கேரலுக்குப் போன் போட்டு, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள். "இத்தன வருஷம் கழிச்சு எல்லாரையும் எப்படி மேடம் தேடிப் புடிச்சீங்க?"

"ஈஸிதான் மேடம். இந்த போட்டோவ வெச்சுக்கிட்டு ஒவ்வொரு மூஞ்சியா டிக் பண்ணினோம். எரிக் கனடாவுல இருந்தான், அவனையே புடிச்சுட்டோம். ஒருத்தரக்கூட விடல."

"நல்லது மேடம்" என்று சொல்லிப் போனை வைத்தாள் தமயந்தி. கோபம் நெருப்பாக மூண்டது. அது புது நெருப்பு இல்லை. இத்தனை காலம் சாம்பல் மூடிக் கிடந்தது, அவ்வளவுதான்.

தொம்மலூரில் இன்றைக்குக் கண்ணாடி ஆபீஸ்கள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் அப்போது லைன் வீடுகள் இருந்தன. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் திட்டுவார்கள். தமயந்தியின் அப்பா லாரியில் செங்கல் ஏற்றினார், அம்மா மிலிட்டரிக்காரர்கள் வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். பக்கத்து வீட்டு முத்தம்மாவின் அப்பா, அம்மா இரண்டு பேருமே ரோடு பெருக்கும் வேலை. குழாயடியில் குடத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்வதும், சாயங்காலம் அதே ஆட்கள் ஒரே பாயில் உட்கார்ந்து பேன் பார்ப்பதும் அங்கே சகஜம். லைன் கோடியில் பள்ளிக்கூடம். ஏழாவதோடு அது முடிந்துவிடும். அதனால் ஏழாவது பிள்ளைகளுக்கு மட்டும் கிளம்பிப் போகும்முன் ஒரு குரூப் போட்டோ எடுப்பது வழக்கம்.

போட்டோ அன்றைக்கு எல்லோரும் வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டு வர வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். தமயந்தியும் முத்தம்மாவும் செருப்பைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, அதைப் போட்டுக்கொண்டு போனார்கள். தலையில் ரிப்பன், முகத்தில் தடிமனாகப் பவுடர். சார் இருவரையும் மேலிருந்து கீழே பார்த்தார். அவர் பார்வை கால்களில் போய் நின்றது. அன்று பலத்த காற்று. வெள்ளைத் திரையின் ஒரு பக்கம் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது, மறுபக்கம் கட்ட இடமில்லாமல் படபடவென்று அடித்தது.

"ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் பின்னாடி போய்ப் புடிங்க. போட்டோ கெட்டுடும்" என்றார்.

பின்னால் ஒரு டெஸ்க் போட்டு அதன்மேல் ஏறி நின்று பிடித்தார்கள். முன்னால் கேமராக்காரர் "சிரிங்க" என்று சொன்னது கேட்டது. பின்னால் இருந்த இரண்டு பேரும்கூடச் சிரித்தார்கள். அதுதான் தமயந்திக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. யாருக்கும் தெரியாத இடத்தில், துணியைப் பார்த்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

படம் வந்ததும் ஒரு பையனிடம் இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். அம்மா அடுப்பு வெளிச்சத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். "எங்கடி நீ?" என்றாள். தமயந்தி மூலையைக் காட்டினாள். அம்மா அந்த விரல்களை உற்றுப் பார்த்துவிட்டு, படத்தைத் திருப்பிக் கொடுத்து, சோற்றைக் கிளறப் போய்விட்டாள். அன்று அம்மா சாப்பிடவில்லை. அடுத்த மாதமே தமயந்தி பாத்திரம் தேய்க்க அம்மாவோடு போக ஆரம்பித்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் படித்தாள் என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே படம் அதுதான். இப்போது அந்த விரல்களையும் எடுத்துவிட வேண்டுமாம்.

சிலர் இந்த இடத்தில் மனதைத் தேற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். தமயந்தி அந்த ரகம் இல்லை. அந்த மனிதரை ஒரே ஒரு தடவையாவது அந்தத் துணிக்குப் பின்னால் நிற்க வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள். முத்தம்மாவைக் கூப்பிட்டாள். முத்தம்மா இப்போது குப்பை ஆட்டோ ஓட்டுகிறாள், வார்டு முழுக்க அவள் ஹாரனுக்கு எழுந்திருக்கும்.

"விடுடி. பழச எதுக்குக் கிளறுற? அந்தாளு கெழவனாகிட்டான்" என்றாள் முத்தம்மா.

"கெழவனானா சன்மானம் பண்றாங்க. நமக்கு யாருடி பண்ணாங்க? ஞாயித்துக்கிழம பட்டுப் பொடவ கட்டிக்கிட்டு வா. உன் கால் சைஸ் என்ன?"

"கால் சைஸ் எதுக்குடி?"

"சொல்லுடி, சும்மா கேள்வி கேக்காத."

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளி மைதானத்தில் இரும்புக் குழாய்ச் சட்டம் போட்டு, தமயந்தி தன் கையாலேயே பேக்டிராப்பைக் கட்டினாள். விரல்களை எடுக்கவில்லை. எடுப்பதாவது! நகக்கண் தெரிகிற அளவுக்குத் துலக்கியிருந்தாள். மற்ற முகங்கள் கொஞ்சம் மங்கல், விரல்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. மூன்று மூலைகளை இறுக்கக் கட்டினாள். வலது மேல் மூலையில் மட்டும் இழுத்தால் அவிழ்கிற முடிச்சு. ஆடிக் காற்று தன் பங்கைச் செய்யும் என்று அவளுக்குத் தெரியும்.

கேரல் வந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். "மேடம், விரல் அப்படியே இருக்கே?"

"எடுத்தா பக்கத்துல இருக்கற தலையும் போயிடும் மேடம்" என்றாள் தமயந்தி. பொய்தான். கூசாமல் சொன்னாள்.

விழா நடந்தது. சார் இன்னும் ஆறடி உயரத்தில் திடமாகத்தான் இருந்தார். மைசூர் பேட்டா தலைப்பாகையைத் தலையில் வைத்தார்கள், சால்வை போர்த்தினார்கள், பழக்கூடை கொடுத்தார்கள். எரிக் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சார் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கண்ணால் பார்த்தார் என்றான். ஓரத்தில் சட்டத்துக்குப் பக்கத்தில் நின்ற முத்தம்மா அதைக் கேட்டு, "எந்தக் கண்ணுடி அது?" என்று தமயந்தியின் காதில் சொன்னாள். தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் விரல் முடிச்சிலிருந்து தொங்கிய கயிற்றின் மேல் இருந்தது.

கடைசியில் குரூப் போட்டோ. பழைய படத்தில் இருந்த மாதிரியே நிற்க வேண்டும் என்பது கேரலின் ஆசை. தொப்பையும் நரையுமாக எல்லோரும் அவரவர் இடத்தைத் தேடி நின்றார்கள். சார் நடுநாற்காலியில் காலை அகட்டி உட்கார்ந்தார். கேமராக்காரர் கண்ணை வைத்ததும் தமயந்தி கயிற்றை இழுத்தாள். மூலை சரிந்தது. காற்று உள்ளே புகுந்து துணி படபடவென்று அடித்தது, பாதிப் பேர் முகத்தை மறைத்தது.

அவரை எப்படிப் பேச வைப்பது என்று தமயந்தி வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்தாள். தேவையே இல்லாமல் போயிற்று. சார் திரும்பினார், சட்டத்தின் பக்கத்தில் நின்ற இரண்டு பேரையும் பார்த்தார், கையை நீட்டினார்.

"ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் பின்னாடி போய்ப் புடிங்க. போட்டோ கெட்டுடும்."

ஒரு சொல்கூட மாறவில்லை. தமயந்தி அசையாமல் நின்று, மைதானத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். "புடிச்சாச்சு சார். ஒரு தடவ புடிச்சாச்சு."

"என்னம்மா?"

அவள் சரிந்த மூலையை எடுத்து உயர்த்திக் காட்டினாள். "இதோ, இது என் கை. இது இவ கை. செவன்த் பி செக்ஷன். நான் தமயந்தி, இவ முத்தம்மா. லைன் வீட்டுப் புள்ளைங்க."

கேரல் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அது... அது உங்க விரலா? ஐயோ, நான் கேமராக்காரங்க ஆளுங்கனு நெனச்சேன்."

சார் கண்ணைச் சுருக்கினார். "எனக்கு ஞாபகம் இல்லம்மா."

"உங்களுக்கு எதுக்கு சார் ஞாபகம் இருக்கப் போகுது? ஷூ போடாம வந்தோம். அதுக்குத்தான் பின்னாடி போகச் சொன்னீங்க."

"ரூல்ஸ்னா ரூல்ஸ்தானேம்மா. எல்லாருக்கும் ஒண்ணுதான். எவ்வளவு வருஷம் ஆச்சு, இத போய் இப்ப..."

அதுவரை பேசாமல் இருந்த முத்தம்மா, கோபமே இல்லாத குரலில் கேட்டாள். "கடசி வரிசையில நிக்க வெச்சிருக்கலாமே சார். அங்க கால் தெரியாதே."

எல்லோரும் பேக்டிராப்பைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கு மார்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. துணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

சாருக்கு முகம் சிவந்தது. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளைத் தலைகுனிய வைத்துப் பழகியவருக்குத் தனக்கு அது நேரும்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. பேட்டாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரோஷத்தோடு சொன்னார். "சரி, நானே போய்ப் புடிக்கிறேன். போதுமாம்மா?"

சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் காத்திருந்தார். "ஐயோ சார், நீங்க போய்..." என்று பத்துப் பேர் எழுந்து வருவார்கள் என்று நினைத்திருப்பார். யாரும் வரவில்லை. எரிக் மட்டும் ஓரடி எடுத்து வைத்தான். கேரல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா நில்லுடா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

சொன்ன சொல்லுக்காகவே அவர் எழுந்து போக வேண்டியதாயிற்று. பேட்டாவை நாற்காலியில் வைத்துவிட்டுத் துணிக்குப் பின்னால் போனார். தமயந்தி மூலையை அவர் கையில் கொடுத்தாள். "கொஞ்சம் தூக்கிப் புடிங்க சார். ஆங், அப்படித்தான். கேமராக்காரர் சிரிங்கனு சொன்னா நீங்களும் சிரிச்சுக்கலாம்" என்றாள்.

பிறகு முன்னால் வந்து, பேட்டாவை எடுத்துப் பழக்கூடையின் மேல் வைத்துவிட்டு நடுநாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்து முத்தம்மாவை உட்கார வைத்தாள். இரண்டு பேரும் பட்டுப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் கால்களை முன்னால் நீட்டினார்கள். புத்தம் புது வெள்ளை கேன்வாஸ் ஷூ வெயிலில் கண்ணைப் பறித்தது. கேமராக்காரர் கேரலைப் பார்த்தார். கேரல் தமயந்தியைப் பார்த்தாள்.

"எடுங்க" என்றாள் தமயந்தி.

போகிற வழியில் முத்தம்மா கேட்டாள், "பாவமா இல்லையாடி?" தமயந்தி நன்றாக யோசித்துப் பார்த்தாள். இல்லை. அம்மாவுக்கு இதைக் காட்ட முடியவில்லையே என்று மட்டும் இருந்தது. அம்மா போய்ச் சேர்ந்து நாளாகிறது.

ஆளுக்கொரு பிரதி போடச் சொல்லிக் கேரல் அந்தப் படத்தை அனுப்பினாள், கூடவே பழைய மாணவர்களின் போன் குரூப்பிலும் இவர்கள் இரண்டு பேரையும் சேர்த்தாள். மறுநாள் கடைக்கு ஒரு போன் வந்தது. அதிகாரம் எல்லாம் வடிந்துபோன குரல், ஆனால் தமயந்திக்கு உடனே தெரிந்துவிட்டது.

"ஏம்மா, பாலசுப்ரமணியன் பேசறேன். அந்த போட்டோ... மூலையில என் விரல் தெரியுதும்மா. பேரப்புள்ளைங்க பாத்து இது யாரு கைனு கேக்கறாங்க. அத எடுத்துட முடியுமா?"

தமயந்தி திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். மோதிரம் போட்ட நாலு விரல்.

"எடுத்துடலாம் சார், ரெண்டு நிமிஷ வேலதான்" என்றாள். "ஆனா அத எடுத்துட்டா, அந்தப் படத்துல நீங்க இருந்தீங்கன்னே ஒருத்தருக்கும் தெரியாது. பரவால்லையா?"