பாப்பம்மாவின் வாய்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மதிவதனி வாய் கொப்பளித்தபோது, தண்ணீர் வலது ஓரமாகத் தானே வழிந்து நைட்டியை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தாள். வலது கண் மூட மறுத்தது. சிரித்துப் பார்த்தாள். உதடு இடப்பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு போனது.

அவள் கணவன் டில்லிபாபு ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். அன்றைக்குச் சவாரி எதுவும் ஏற்றாமல் அவளை ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். பக்கவாதம் இல்லை, முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, மாத்திரை சாப்பிட்டால் மெல்ல மெல்லச் சரியாகும் என்றார் டாக்டர். ராத்திரி கண்ணை டேப் போட்டு மூடிவிட்டுத் தூங்கச் சொன்னார்.

"மூணு வாரத்துல நாடகம் கீது சார்" என்றாள் மதிவதனி.

"எத்தனை வாரத்துல?" என்று டாக்டர் குனிந்து கேட்டார். 'மூணு' அவருக்குக் காற்றாகத்தான் கேட்டிருந்தது.

அண்ணனூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் ஞாயிறுதோறும் ஒத்திகை நடக்கும். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கோவிந்தராஜ் வருஷத்துக்கு ஒரு நாடகம் எழுதி, அக்கம்பக்கத்து ஆட்களையே நடிக்க வைத்து, கல்யாண மண்டபத்தில் போடுவார். இந்த வருஷ நாடகம், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஒரு தெருவைப் பற்றிய சிரிப்பு நாடகம். அந்தத் தெருவையே அதட்டி மேய்க்கும் பாப்பம்மா வேஷம் மதிவதனிக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் மாத்திரை அட்டைகளைச் சோதித்து அனுப்பும் வேலை அவளுக்கு. இதற்கு முன்பு கூட்டத்தில் நிற்கும் வேஷம்தான் கிடைத்திருந்தது. பாப்பம்மா கிடைத்த அன்று டில்லிபாபுவுக்கும் சேர்த்து பிரியாணி வாங்கிக்கொண்டு போனவள் அவள்.

அந்த ஞாயிறு அவள் மாடியேறி வந்ததும் கோவிந்தராஜ் வசனத் தாளை மடித்து வைத்தார்.

"மதி, உடம்பப் பாரும்மா. வர்ஷா பண்ணட்டும். அவளுக்கு எல்லா வசனமும் தெரியும்."

மருமகள் வேஷம் போடும் கல்லூரிப் பெண் வர்ஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் பண்றேன்ணா."

"பாப்பம்மாங்கற பேரே உன் வாயில வர மாட்டேங்குது. ஜனங்க நாடகத்தப் பாக்க மாட்டாங்க, உன் வாயத்தான் பாப்பாங்க. சிரிப்பாங்கம்மா. என்னால அதப் பாத்துட்டு நிக்க முடியாது."

"சிரிப்பு நாடகம்தானண்ணா?" என்றாள். அறையில் யாரும் சிரிக்கவில்லை. "அடுத்த ஞாயிறு நடிச்சுக் காட்றேன். அப்பவும் வேணாம்னா வர்ஷாவுக்கே குடு. நான் திரை இழுக்கறேன்."

கோவிந்தராஜ் அரைமனதாகச் சரி என்றார்.

வேலை செய்யும் இடத்தில் எல்லோருமே முகக்கவசம் போட வேண்டும். அதற்குள் அவள் நாள் முழுக்க வசனத்தை முணுமுணுத்தாள். எங்கெல்லாம் உதடு சேர வேண்டுமோ அங்கெல்லாம் எழுத்து கைவிட்டது. ப வரவில்லை, ம வரவில்லை. மாற்றக்கூடிய சொற்களை மாற்றிப் பார்த்தாள். 'போடா' என்பதை 'எட்ட நில்லுடா' ஆக்கினாள், வந்தது. 'அம்மா'வையும் 'அப்பா'வையும் என்னவாக ஆக்குவது? விரலால் உதட்டோரத்தைத் தூக்கிப் பிடித்தால் எழுத்து திருத்தமாக வந்தது. ஆனால் உதட்டைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி தெருச் சண்டை போடுவாளா? புதன்கிழமை பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி முதல் காட்சியிலிருந்து ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை மின்சார ரயிலில் நிற்க இடமில்லாத நெரிசல். டில்லிபாபு போன் செய்தான். இடது கையால் கம்பியைப் பிடித்திருந்ததால், போனை வலது கன்னத்தோடு அழுத்திக்கொண்டு பேசினாள்.

"பால் பாக்கெட் வாங்கினு போயிடு, எனக்கு லேட்டாவும்."

"இன்னா மதி, பேச்சு நல்லா கீதே! சரியாயிடுச்சா?"

அவள் போனைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டு "பால் பாக்கெட்" என்றாள். காற்று. மறுபடி உதட்டோரம் மேலேறும்படி அழுத்தி வைத்துச் சொன்னாள். பால் பாக்கெட். பக்கத்தில் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தாள். மதிவதனி இறங்கும் வரை கன்னத்தில் போனை வைத்துப் 'பாப்பம்மா, பாப்பம்மா' என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஞாயிறன்று கோவிந்தராஜிடம் எதையும் விளக்கவில்லை. இடுப்பில் பிளாஸ்டிக் குடம், கன்னத்தில் போன். லாரிக்காரனை ஒரு பக்கம் போனில் அதட்டிக்கொண்டே, இந்தப் பக்கம் தெருவை மிரட்டினாள். "நீ இரு நைனா, லைன்லயே இரு. ஏய், யார்ரா அது என் குடத்த நவுத்தினது? பாப்பம்மா குடம்டா அது!"

வர்ஷாதான் முதலில் சிரித்தாள். பிறகு கோவிந்தராஜ் நாற்காலியிலேயே குலுங்கினார்.

"இத நான் எழுதவே இல்லயே" என்றார்.

"இப்ப எழுதிக்கோண்ணா."

நாடகத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. மூடாத கண்ணுக்கு விளக்கு கூசும் என்று பாப்பம்மாவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். முதல் காட்சியிலேயே கைதட்டல் வந்தது. லாரி வந்து எல்லோரும் முட்டி மோதும் காட்சியில், வர்ஷாவின் குடம் மதிவதனியின் முழங்கையில் இடித்தது. போன் பறந்து போய் மேடைக்குக் கீழே விழுந்தது. மீதிக் காட்சிக்கு அவள்தான் பேச வேண்டும். நாடகத்திலேயே நீளமான பேச்சு அது.

வர்ஷா கண்ணாலேயே 'நான் சொல்லட்டுமா' என்று கேட்டாள். மதிவதனி இல்லை என்று தலையசைத்தாள்.

"ஹாஹவ்வா சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். முன்வரிசையில் ஒருவன் சிரித்தான். அவனைத் தொட்டு இன்னும் சிலர். திரைக்குப் பக்கத்தில் நின்ற கோவிந்தராஜின் முகத்தை அவள் பார்க்கவில்லை. குடத்தைக் கீழே வைத்தாள். மேடை விளிம்புக்கு நடந்தாள். ஆள்காட்டி விரலால் எல்லோரும் பார்க்கும்படி உதட்டோரத்தைத் தூக்கிப் பிடித்து, சிரித்தவனையே பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"பா. ப். ப. ம். மா. கேட்டுச்சா? கேக்கலன்னா இன்னொரு வாட்டி சொல்லுவேன். தண்ணி வர்ற வரைக்கும் சொல்லுவேன்."

சிரிப்பு நின்றது. பிறகு வேறு ஒரு சிரிப்பு, அவளோடு சேர்ந்த சிரிப்பு, பின்வரிசையிலிருந்து எழுந்தது. அவள் விரலை எடுக்காமல் பேச்சு முழுவதையும் சொன்னாள். இரண்டு இடத்தில் நாக்கு தடுமாறியது, திரும்பச் சொன்னாள். ஒரு வரியைக்கூட விடவில்லை.

திரை விழுந்த பிறகு வர்ஷா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "சாரிக்கா, இடிச்சிட்டேன்."

"நீ இன்னா வேணும்னேவா இடிச்ச?"

"நான் ரெடியாதான் இருந்தேன்கா. எல்லா வரியும் மனப்பாடம்" என்றாள் வர்ஷா. குரலில் கொஞ்சம் ஏக்கம் இருந்தது.

"தெரியும். நீ ரெடியா கீறன்னு தெரிஞ்சிதான் நான் அவ்ளோ பயந்து பயந்து கத்துக்கினேன்."

வெளியே ஒரு பெரியவர் டில்லிபாபுவை நிறுத்தி, "வாயக் கோணிக்கினு அந்தம்மா இன்னா நடிப்பு!" என்றார். டில்லிபாபு பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தான்.

"வாய் நெசம் சார்" என்றாள் அவள். "மீதிதான் நடிப்பு."

அவர் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார். மேளக்காரர்கள் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்தில் மறுநாள் கல்யாணம். கோவிந்தராஜ் நாற்காலிகளை அடுக்கியபடியே அவளை உள்ளே கூப்பிட்டார். அடுத்த மாதம் முத்தாபுதுப்பேட்டையில் இதே நாடகத்தைப் போடக் கேட்கிறார்களாம்.

"அதுக்குள்ள உனக்குச் சரியாயிடும், இல்ல?"

"ஆவலாம், ஆவாமலும் போவலாம். நான் வரேன்."

சொல்லிவிட்டு அவளும் ஒரு பக்கத்திலிருந்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தாள்.