இருமல் நீக்கிய பிரதி

அழைப்பு வந்தபோது அவள் பதிவறையில் உட்கார்ந்து, ஒரு கணக்கு வாத்தியார் வாக்கியத்துக்கு வாக்கியம் போட்ட 'வந்து'களை வெட்டிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தில் அவளுக்கு அதுதான் வேலை. வகுப்பில் பதிவான பாடங்களிலிருந்து பாடம் அல்லாத எல்லாவற்றையும் களைந்து இணையத்தில் ஏற்ற வேண்டும். எந்தப் பல்கலைக்கழகமும் இலவசமாக எடுத்துத் தன் மொழியில் பெயர்த்துக்கொள்ளலாம். ஏற்றியதும் மூலப்பதிவை அழித்துவிடுவார்கள். இடம் போதாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்ப்பவள் என்று அவளுக்கு நல்ல பெயர். 'கத்தரிக்காரி' என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு. அதை வைத்தவர் அவள் வீட்டுக்காரர்.

அவரும் அங்கேதான் வாத்தியார். கட்டடங்களுக்கு அடித்தளம் போடுவது பற்றிப் பாடம் எடுத்தவர். நுரையீரலில் புற்று என்று தெரிந்தபோது அது முதுகெலும்பு வரை போயிருந்தது. அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை.

அழைத்தவள் வேறொரு நாட்டில், அவருடைய பாடத்தை அந்த ஊர் மொழியில் பெயர்ப்பவள். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவள் என்பதால் எடுத்த எடுப்பில் அக்கா என்றாள். அவர் இறந்தது அவளுக்குத் தெரியவில்லை. தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள். அவர்களிடம் இருப்பது சுத்தம் செய்யாத மூலப்பதிவாம். சார் தானே அனுப்பிவைத்தாராம், கத்தரிக்காரி வெட்டி முடிப்பதற்குள் பிள்ளைகள் பட்டம் வாங்கிவிடுவார்கள் என்று சொல்லி. இப்போது எல்லா மொழிகளிலும் ஒரே பிரதிதான் இருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. இன்றைக்குள் பழையதை அழித்துவிட்டு, இவள் வெட்டிய பிரதியைப் போடச் சொல்கிறார்களாம்.

"போடுங்களேன். அதுக்கு என்னைக் கேக்கணுமா?" என்றாள் இவள்.

"இல்லக்கா, இங்க ஒரு பொண்ணு படிக்கிறா. காது கேக்காது. அவளுக்காக நாங்க எல்லாச் சத்தத்தையும் கீழ எழுத்துல போடுவோம். கதவு சாத்துற சத்தம், சிரிப்பு, இருமல், எல்லாம். அவதான் கேக்கச் சொன்னா. ஆரம்பத்துல எப்பவாவது இருமினவரு கடைசிப் பாடங்கள்ல நிமிஷத்துக்கு ஒருதரம் இருமுறாரே, டாக்டர்கிட்ட காட்டினாரான்னு."

இவள் கையிலிருந்த ஹெட்போனை மேஜைமேல் வைத்தாள்.

"காட்டினோம்மா," என்றாள். "லேட்டா காட்டினோம்."

"ஐயோ, அக்கா," என்றாள் அந்தப் பெண். புரிந்துகொண்டாள் போலிருக்கிறது.

எத்தனை நாளாக இருமல் என்று டாக்டர் கேட்டபோது, இப்போதுதான், பத்துப் பதினைந்து நாளாக என்று சொன்னவள் இவள்தான். இவள் வீட்டில் கேட்டவரை அது பொய்யில்லை. பேசினால்தான் அவருக்கு இருமல் வரும். அவர் வீட்டில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன். வகுப்பில்தான் மணிக்கணக்கில் தொண்டை கிழியப் பேசுவார். அந்த வகுப்பு முழுவதும் இவள் கை வழியாகத்தான் போனது. ஆனால் இந்த வேலையைக் காதால் செய்பவர்கள் கற்றுக்குட்டிகள். கைதேர்ந்தவர்களுக்குக் கண் போதும். குரல் திரையில் அலையலையாக ஓடும். இருமல் அதில் முள்புதர் மாதிரி நிற்கும். பார்த்தவுடன் தேர்ந்தெடுத்து, ஒரு பொத்தானைத் தட்டினால் போயிற்று. ஒலியைக்கூடத் திறக்க வேண்டாம். அந்தப் பருவம் முழுக்க அவள் அப்படித்தான் புருஷனின் இருமலைக் களையெடுத்தாள். சில நாள் புதர் அதிகமாக இருந்தபோது, இந்த மனுஷன் தண்ணீர் குடித்துவிட்டுப் பாடம் எடுத்தால் என்ன என்று எரிச்சல்கூடப் பட்டிருக்கிறாள். காது கேட்காத பெண்ணுக்குக் கேட்டது இவளுக்குக் கேட்கவில்லை.

"அக்கா, அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"நல்லா கவனிச்சான்னு சொல்லும்மா. வேற யாரும் கவனிக்கலன்னும் சொல்லு."

பிறகு பழையதை அழிக்க வேண்டாம் என்றாள். விதி என்று அந்தப் பெண் இழுத்ததற்கு, விதியெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கடைசிப் பாடத்தை எனக்கு அனுப்பு என்றாள். குரலில் என்ன இருந்ததோ, அவள் சரிக்கா என்றாள்.

பாடம் வந்தது. முதலில் ஒலியில்லாமல்தான் ஓடவிட்டாள். கரும்பலகை, அவருடைய நீலச்சட்டை, கீழே அவளுக்குப் படிக்கத் தெரியாத அந்த ஊர் எழுத்து. அவர் கை வாய்க்குப் போகும்போதெல்லாம் ஒரே வரி வந்தது. நாலைந்து தடவை வந்ததும் அந்த வரியின் வடிவம் அவளுக்குப் பழகிவிட்டது. ஓரிடத்தில் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வரி வந்தது, போனது, மறுபடி வந்தது. நிமிர்ந்து வகுப்பைப் பார்த்து என்னவோ சொன்னார். கீழே ஒரு புதிய வரி ஓடியது. அவர் முகத்தில் சிரிப்பு.

அந்த இடம் அவள் வெட்டிய பிரதியில் இல்லை; புதரோடு சேர்ந்து போயிருந்தது. கொஞ்சம் பின்னால் ஓட்டி, ஹெட்போனை மாட்டி, ஒலியைத் திறந்தாள்.

இருமல் அவள் நினைத்ததைவிட நீளமாக இருந்தது. அடியிலிருந்து, மரம் அறுப்பதுபோல. அது ஓய்ந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே அவர் சொன்னார்:

"பயப்படாதீங்கப்பா. வீட்ல ஆள் இருக்கா. எல்லாத்தையும் வெட்டிடுவா."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் தண்ணீர் குடித்தார். சாக்பீஸை எடுத்து, எங்கே விட்டோம் என்று பலகையைத் தேடினார். திரையின் அடியில் அலை ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த புதர் வந்தபோது அவளுடைய விரல், பழக்கத்தில், தானாகப் போய் அந்த வெட்டும் பொத்தானின் மேல் நின்றது.