நாலாவது பேட்டரி

நல்லமுத்து தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் பைக்கின் பின்னால் கட்டியிருந்த ரப்பர் டியூபை அறுத்துக்கொண்டிருந்தார். லயத்து வீட்டுக்குள்ளே சவப்பெட்டியில் கந்தப்பன் கிடந்தார். ஒப்பாரி சட்டென்று நின்றது. பெண்கள் எழுந்து வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"எம் மச்சான தின்னது இதுதான். இது இந்த வாசல்ல நிக்கக் கூடாது!"

டியூப் அறுந்தது. அது பிடித்திருந்த சின்னப் பலகைப் பெட்டி பைக்கிலிருந்து கழன்று விழ, உள்ளே இருந்த பேட்டரி உருண்டு சாக்கடைக் கானுக்குள் போய்க் கிடந்தது. அதைக் கட்டியவன் சுதாகரன், கந்தப்பனின் மகன். இஸ்தோப்புத் திண்ணைத் தூணில் சாய்ந்து நின்ற அவன் மாமனைத் தடுக்கவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

தங்கை நிலக்ஷிக்குத்தான் பொறுக்கவில்லை. "மாமா, விடுங்க மாமா. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துதான்..."

"நீ வாய மூடு. கொழும்புல நாலு வயர முறுக்கிட்டா ஒங்கண்ணன் இஞ்சினியராயிருவானா? இருக்கிற பேட்டரி பத்தலன்னு இன்னொன்னு போட்டான். மனுசன் ஒடம்பு தாங்குமா அத?"

அண்ணன் ஏதாவது சொல்வான் என்று நிலக்ஷி பார்த்தாள். அவன் கண் கானில் கிடந்த பேட்டரியில் இருந்தது.

தேயிலை ஃபெக்டரியில் ரோலருக்குள் கால் மாட்டி நொண்டியான பிறகு, கந்தப்பனுக்கு மேல்மலைப் பழைய ஸ்டோரில் வாச்சர் வேலை கொடுத்தார்கள். நல்ல காலுள்ளவனே மூச்சு வாங்கும் ஏற்றம் அது. கொழும்பில் தான் வேலை பார்த்த இடத்து முதலாளி ஒதுக்கிப் போட்ட கரண்ட் பைக்கை சுதாகரன் கேட்டு வாங்கி, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து அப்பாவுக்குக் கொடுத்தான். கொழும்புத் தெருவில் பூனை மாதிரி ஓடிய பைக், இங்கே கோயில் வளைவு வந்ததும் முனகி நின்றுவிடும். கந்தப்பன் இறங்கி, நொண்டிக் காலோடு அதையும் தள்ளிக்கொண்டு ஏறுவார். அதுவரை தன் உடம்பைத்தான் இழுத்துக்கொண்டு போனார்; இப்போது பைக்கையும் சேர்த்து இழுத்தார்.

"கந்தப்பண்ணே, பைக்கு ஒங்கள ஏத்துதா, நீங்க பைக்க ஏத்துறீங்களா?" என்று கொழுந்து எடுக்கிற பெண்கள் மலையிலிருந்து கத்துவார்கள். அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப்போனவள் நிலக்ஷிதான். அங்கே மருந்து கொடுக்கிறவர் டாக்டருக்குப் படித்தவரல்ல. ஆனாலும் எல்லாருக்கும் டாக்டரய்யா. கையைக்கூடப் பிடித்துப் பார்க்காமல், "வாயு" என்று வெள்ளை மாத்திரை கொடுத்தார். அடுத்த முறையும் அதே மாத்திரை. அதற்கும் அடுத்த முறை, மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தரும்படி நிலக்ஷி கேட்டாள்.

"வாயுக்கெல்லாம் துண்டு குடுத்தா தோட்டத்துல யாரு வேல செய்யிறது?"

கந்தப்பன் மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டார்.

தீபாவளிக்கு வந்த சுதாகரன், அப்பா பைக்கைத் தள்ளிக்கொண்டு ஏறுவதைக் கீழிருந்து பார்த்தான். ஹட்டனுக்குப் போய் இன்னொரு பேட்டரி வாங்கி வந்தான். "இப்ப மூணு பேட்டரி, முப்பத்தாறு வோல்ட்டு. நாலாவது போட்டா நாப்பத்தெட்டு. மேட்டுல நிக்காதுப்பா" என்றான். கூடுதல் கரண்டுக்கு எரிந்துவிடாதபடி கன்ட்ரோலரை மாற்றினான். வேகம் கூடுமென்று பிரேக்கையும் புதிதாகப் போட்டான். உர மூட்டையைப் பின்னால் கட்டி, அந்த ஏற்றத்தில் தானே ஏறி இறங்கிப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தான்.

மறுநாள் காலை நிலக்ஷி பிள்ளைக்காம்பராவில் கொழுந்தெடுக்கப் போனவர்களின் குழந்தைகளுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே பார்த்தாள். கோயில் வளைவில் பைக் நிற்கவில்லை. அப்பா ஒரு கையை விட்டு, இளவட்டம் மாதிரி அவளைப் பார்த்து ஆட்டிக்கொண்டே மேலே போனார். அவர் அப்படிக் கையாட்டி அவள் பார்த்ததே இல்லை.

பிற்பகலில், மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த வேலாயிதான் அவரைக் கண்டாள். ஸ்டோர் வாசலில் பைக் ஒழுங்காக ஸ்டாண்டில் நின்றது. பக்கத்தில் தேயிலைச் செடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை; உயிரும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்த டாக்டர், இருதயம் எப்போதோ பழுதாகிவிட்டது, முதல் வலியிலேயே கூட்டிவந்திருக்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். அண்ணனும் தங்கையும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். லயத்தில் வந்து சொன்னால் யாரும் காதில் வாங்கவில்லை. பேட்டரி கண்ணுக்குத் தெரிந்தது. அதைக் குற்றம் சொல்ல யாருக்கும் பயமில்லை.

அம்மா ராசம்மா அழுதுகொண்டே இருந்தாள். மகன் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

பெட்டி தூக்கும் நேரம் நெருங்கும்போது டாக்டரய்யா வந்தார். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. பெட்டியருகே கொஞ்ச நேரம் நின்றார். யாரோ நாற்காலி போட்டார்கள். வேலாயி பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"வயசான மனுசனுக்கு இந்த வேகமெல்லாம் எதுக்கு?" என்றார் சுதாகரனைப் பார்த்து. "அதிர்ச்சிதான். வேற ஒண்ணுமில்ல."

நிலக்ஷி எழுந்தாள். "நெஞ்சு வலின்னு எத்தன வாட்டி வந்தாருங்கய்யா? என்னா மருந்து குடுத்தீங்க? ஒரு துண்டு கேட்டோமே..."

வாசலில் தப்புப் பறை அடிக்கிறவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள். டாக்டரய்யாவின் கோப்பை பாதி வழியில் நின்றது.

ராசம்மா எழுந்து வந்தாள். மகளின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு டாக்டரய்யாவின் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினாள்.

"துக்கத்துல ஒளறுதுங்க. மனசுல வச்சிக்காதீங்க. நீங்க சொல்றதுதாங்க சரி. இவந்தான் யாரு பேச்சையும் கேக்காம அத மாட்டிவிட்டான்."

சுதாகரன் அம்மாவைப் பார்த்தான். அவள் அப்போதும் அவனைப் பார்க்கவில்லை.

நிலக்ஷியை உள்ளே இழுத்துப்போய், அடுப்படி இருட்டில் அவள் கன்னத்தைத் தடவினாள் ராசம்மா. "நாளைக்கு ஒனக்கொண்ணு, எனக்கொண்ணுன்னா அந்த ஆஸ்பத்திரி வாசலுக்குத்தானடி போகணும்?" முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள். "அவன் எம்புள்ள. அவன் தாங்கிக்குவான்."

வெளியே மீண்டும் தப்பு அடிக்க ஆரம்பித்தது. மகன் போட வேண்டிய முதல் மண்ணைத் தானே போடுவதாக நல்லமுத்து யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் மறுக்கவில்லை.

அவள் வாசலுக்கு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். எல்லாரும் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விழும் பீலிக்கரையில் சுதாகரன் குந்தியிருந்தான். டாக்டரய்யா குடித்த கோப்பையைச் சாம்பல் போட்டு விளக்கி, கழுவி, தண்ணீரில் காட்டி, மறுபடியும் சாம்பலை எடுத்தான்.